ஒன்பதாம் கல்லுக்கு அப்பால்

மார்ச் 24, திங்கள்

புது நோட்டு தொடங்குகிறேன். பழையதில் பள்ளிக்கூடத்துச் சமாசாரமும் மளிகைப் பட்டியலும் கலந்து கிடக்கின்றன. புது வேலைக்குப் புது நோட்டுதான் மரியாதை.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, நோட்டுதான் தாமதம். இருபத்தேழு வருடம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவளை, அறுபது வயதில், கொள்ளிடக்கரைச் சரளைக் குழிக்குப் ‘பசுமை மேற்பார்வையாளர்’ ஆக்கியிருக்கிறார்கள். பதினோரு வருடம் சரளை அள்ளினார்கள். உரிமம் முடிந்துவிட்டது. இப்போது வெட்டிய கரையைச் சரித்து, மேல்மண் போட்டு, மரம் வைத்து, ஆற்றிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுப்பது மாதிரி. எவ்வளவு தேய்த்தாலும் ஒடுக்கு ஒடுக்குதான்.

குழி என்றால் சின்னக் குழி இல்லை. ஊர் ஏரியில் பாதி இருக்கும், தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து எண் போட்ட பதினாறு கற்கள். கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பதால் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கிறது: தினமும் காலை ஆறரைக்கு நான் பதினாறு கல்லையும் சுற்றி வந்து, ஒவ்வொரு கல்லிலும் கண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதலையோ தடமோ இல்லையென்றால் முதல் கல்லில் பச்சைக் கொடி. இருந்தால் சிவப்பு. சிவப்பு ஏறினால் தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது, யந்திரமும் ஓடக் கூடாது, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.

இரண்டு கொடியையும் ரவிக்கைத் துணி எடுத்து நானே தைத்தேன். சிவப்பு, மடிப்பு கலையாமல் பையிலேயே இருக்கிறது.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற எட்டுப் பெண்கள். பம்ப்செட்டை உரிமம் முடிந்த அன்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் எல்லாம் குடம்தான். அவர்களுக்குத் தலைவி பொற்கிளி. நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் எட்டுப் பேருக்கானது. எல்லாரும் என்னை டீச்சர் என்கிறார்கள். நான் திருத்தவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆறாம் கல்லருகே ஆட்காட்டிக் குருவி சரளைமேல் நான்கு முட்டை இட்டிருக்கிறது. கல்லும் முட்டையும் ஒரே நிறம், மிதிக்க இருந்தேன். பொக்லைன் ஓட்டும் கஸ்பாரிடம் காட்டினேன். அவர் சுற்றிலும் நாலு பெரிய கல்லை வைத்துவிட்டு, “இது நம்ம ரவுண்டானா டீச்சர், இனிமே வண்டி சுத்தித்தான் போவும்” என்றார்.

மரங்கொத்தி இல்லை, மரமே இல்லாதபோது எதைக் கொத்தும். மீன்கொத்தி இரண்டு. முன்பு செங்குத்தான கரையில் பஞ்சுருட்டான் பொந்துகள் நூறாவது இருந்ததாம். கரையைச் சரித்தபோது எல்லாம் மூடிப்போயின. கெடுத்தபோது பிழைத்த குருவி, சீர்செய்தபோது போனது. அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

மார்ச் 26, புதன்

பத்தாம் கல்லில் ஈர மண்ணில் ஒரு தடம். நாணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வழவழவென்று இழுபட்டிருந்தது. நடுவில் ஒரு கோடு. இரண்டு பக்கமும் விரல் விரலாகப் பதிவு. யாரோ பனங்கட்டையை இழுத்திருப்பார்கள். கட்டைக்கு விரல் ஏது என்றால் எனக்குத் தெரியாது.

நாணலுக்குள் புஸ் என்று ஒரு சத்தம். காற்றாக இருக்கும். இலை ஒன்றும் அசையவில்லை.

நேரமாகிவிட்டதால் அங்கிருந்தே திரும்பினேன். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பழைய செருப்புதான், எடுக்கவில்லை. மீதிக் கற்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன. ஒன்றுமில்லை. பச்சை.

தணிகைவேல் சாரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சைட் இன்ஜினியர், என் மகன் வயது, எப்போதும் காதில் போன். சிவப்பு ஏற்றினால் வேலை நிற்கும். வேலை நின்றால் கோடையில் ஆயிரத்து இருநூறு செடியும் காயும். ஒரு கட்டைத் தடத்துக்காகவா? சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

புது கேன்வாஸ் ஷூ வாங்கினேன். வெள்ளை. எட்டாம் கல்லில் நின்றால் குழி முழுவதும் நன்றாகத் தெரிகிறது. இது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. சுற்று முடிந்தது, 6.30 முதல் 6.55 வரை. பச்சை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான் வைத்த நாணல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பச்சைச் சுவர்தான், அந்தப் பக்கம் ஈ இருந்தாலும் தெரியாது. பார்க்க வந்த அதிகாரி, “பிரமாதம்” என்று போட்டோ எடுத்துக்கொண்டார். எட்டாம் கல் வரை வந்தார். அதற்கு மேல் அவரும் வரவில்லை. பச்சை.

ஏப்ரல் 4, வெள்ளி

விடுப்பு. இவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் ஏற்கெனவே பனிமூட்டம்தான். ஆறு வாரத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து நாளுக்கு நான்கு வேளை, படிக்கக் கூடாது, குனியக் கூடாது. தியாகேசன் என்ற என் கணவர் பேப்பர் படிக்காமல் இருப்பது, அடுப்பு எரியாமல் சமைப்பது மாதிரி. ஆகவே தினமும் சாயங்காலம் குழியில் என்ன பார்த்தேன் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

6.30 முதல் 6.45 வரை. பச்சை.

இவரிடம் பன்னிரண்டாம் கல்லில் ஊதா நாரை நின்றது என்றேன். “அதோட கழுத்து எப்படி இருக்கும்?” என்று கேட்டார். சொன்னேன். ஊதா நாரை எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, கழுத்து நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

ஒன்பதாம் கல்லுக்குப் போவது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். எட்டில் நின்றேன். கால் மரத்துப்போய்விட்டது. வயது. திரும்பினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வருஷப்பிறப்பு நேற்று. மாங்காய்ப் பச்சடியில் உப்பு போட மறந்தேன்.

இன்று பொற்கிளி தண்ணீரில் இறங்குமுன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், அந்தப் பக்கம் நாணலு இம்மாம் ஒசரம் நிக்குதே. உள்ள பூந்து பாக்குறீங்களா?”

“பாக்காம கொடி ஏத்துவேனா?”

“அதான். ஒத்த ஆளா உள்ள போறதுக்கு நெஞ்சுத் துணிச்சல் வேணும். எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன், அந்தம்மா படிச்சவங்க மட்டுமில்ல, ஆம்பள மாரி மனசுன்னு.”

சிரித்துக்கொண்டேன். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் டீ குடித்ததுதான் காரணம்.

ஏப்ரல் 21, திங்கள்

சைட்டில் டிப்பர் என்று ஒரு நாய். லாரிக்குப் பின்னாலேயே ஓடும் என்று கஸ்பார் வைத்த பெயர். தினமும் என்னோடு வரும். இன்று ஐந்தாம் கல்லில் நான் திரும்பியபோது அது திரும்பவில்லை. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நேராக நாணலுக்குள் போனது. கூப்பிட்டேன். ஒரு தரம் குரைத்தது. குரைப்பு பாதியில் நின்றது. தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

முயலைத் துரத்திக்கொண்டு ஊர்ப்பக்கம் போயிருக்கும்.

பச்சைக் கொடியை ஏற்றும்போது முடிச்சு மூன்று தரம் நழுவியது.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிப்பருக்கு வைத்த சோறு அப்படியே இருக்கிறது. எறும்பு மொய்த்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

6.30 முதல் 6.40 வரை. பச்சை.

குளியலறைத் தொட்டியில் சொம்பை விடப் பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தொட்டி மூன்றடி. இருபத்தேழு வருடம் பாட்டிலில் பாம்பையும் தேளையும் கையால் எடுத்து அலமாரியில் அடுக்கியவள் நான். ஆனால் அவை பாட்டிலில் இருந்தன.

இவர் கேட்டார்: “என்ன வேணி, இப்பல்லாம் சாயங்காலம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?”

“வெயில்ல குருவி எதுவும் வர்றதில்லீங்க.”

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆட்காட்டி குஞ்சு பொரித்துவிட்டது. நான்கும் பஞ்சு உருண்டையாக ஓடுகின்றன. பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். தாய்க்குருவி சிறகை ஒடித்துக்கொண்ட மாதிரி நடித்து எங்களை வேறு பக்கம் இழுத்தது. பொற்கிளி, “அடி கள்ளி, நாங்களும் புள்ள பெத்தவளுங்கதாண்டி” என்று அதை அதட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த மாதத்தில் இன்று ஒரு நாள் பயமில்லாமல் சாப்பிட்டேன்.

மே 2, வெள்ளி

பொற்கிளிக்குக் காய்ச்சல். பதிலுக்கு அவள் மகள் தாமரை வந்திருந்தாள். ஐந்து மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்து மொள்கிறாள். “நீ கரையில நின்னு செடிக்குப் பாத்தி கட்டும்மா” என்றேன். “அம்மா திட்டும் டீச்சர், பச்சைக் கொடி இருக்குல்ல” என்று சிரித்தாள்.

இன்று ஷெட்டுக்குப் போகவே இல்லை. அவள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருக்கிறது.

மே 3, சனி

இன்றும் தாமரை. இன்றும் நின்றேன். திங்களிலிருந்து பொற்கிளி வந்துவிடுவாளாம். அப்பாடா என்று எழுத வந்தது. அவளாக இருந்தால் பரவாயில்லையா என்று நோட்டு கேட்டால் என்ன சொல்வது? மூடிவைத்தேன்.

மே 8, வியாழன்

தண்ணீர் வற்றிவிட்டது. இரண்டாம் கல்லில் மொண்டால் சேறுதான் வருகிறது. ஆழம் இருப்பது எட்டாம் கல்லுக்கு அப்பால் மட்டும். பொற்கிளி வந்து நின்றாள்.

“எட்டாங்கல்லுப் பக்கம் மாத்திக்கலாமா டீச்சர்? செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுடுச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் அதற்கு முந்தைய முப்பத்தைந்து நாளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

“மாத்திக்குங்க,” என்றேன்.

மே 12, திங்கள்

எட்டாம் கல்லில் மொள்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பச்சை.

மே 14, புதன்

ஒன்றும் நடக்கவில்லை.

மே 16, வெள்ளி

நடந்துவிட்டது.

காலை ஏழே கால் இருக்கும். நான் ஷெட்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. ஓடினேன். ஐந்தாம் கல் வரை ஓடினேன். அதற்கு மேல் கால் போகவில்லை. இந்த முறை வயது என்று எழுத மாட்டேன்.

பொற்கிளி இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். நாலு பேர் அவள் கையையும் முடியையும் பிடித்துக் கரைக்கு இழுக்கிறார்கள். அந்தப் பக்கம் வேறொன்று இழுக்கிறது. மற்றவர்கள் குடத்தால் தண்ணீரை அடிக்கிறார்கள். பொற்கிளி அலறவில்லை. அலறியது மற்றவர்கள். அவள் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் பொக்லைனை அப்படியே சரிவில் இறக்கி, அதன் கையை அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஓங்கி அடித்தார். விட்டுவிட்டது. ஒரு முதுகு தெரிந்தது, நாணல் பக்கம் போனது, மறைந்தது.

இடது கால், முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிந்திருக்கிறது. சதை இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பழகிவிட்டதே.

டிப்பர் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் கல்லில் பச்சைக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் இறக்கவில்லை. நானும்.

மே 17, சனி

உயிருக்கு ஆபத்தில்லை. கால் தப்பும் என்கிறார்கள், நடை முன்போல இருக்காது.

தணிகைவேல் சார் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் பதினாறு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் என் குண்டு எழுத்தில் ‘இல்லை’. முகம் தெளிந்துவிட்டது.

“மேடம், உங்க ரெஜிஸ்டர்தான் எல்லாரையும் காப்பாத்துச்சு. மே பதினாறு காலைல ஆறரைக்குக்கூட கிளியர். அப்படின்னா அது அதுக்கப்புறம்தான் ஆத்துல இருந்து ஏறி வந்திருக்கு. நம்ம மேல தப்பே இல்ல. எழுதி அனுப்பிட்டேன்.”

“இப்ப என்ன சார் செய்வாங்க?”

“ஃபாரஸ்ட்ல புதன்கிழமை கூண்டோட வர்றாங்க. அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமையே ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கற மேட்ட, நாணலோட சேத்து வழிச்சுக் குழியில தள்ளிடலாம். ஒளிய எடமே இருக்காது. வந்த மொதலை தானா போயிடும்.”

வந்த முதலை. மார்ச் 26-ஆம் தேதியிலிருந்து இருக்கும் முதலை. மார்ச்சில் மேடேறி வந்த பெண் முதலை எதற்கு ஏறும் என்று எனக்குத் தெரியும். உயிரியல் ஆய்வகத்தில் சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருந்தது. கரைச் சரிவில் மணல், பக்கத்தில் ஆழத் தண்ணீர், மறைக்க நாணல், ஆள் நடமாட்டம் கூடாது. நான் திட்டம் போட்டு வைத்த சரிவு, நான் வைத்த நாணல். ஆள் நடமாட்டத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

சொன்னால் என் கதி என்ன? ஊரே கல்லெடுக்கும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பதிவேடு என் பக்கம் இருக்கிறது.

சாயங்காலம் இவருக்குப் புதுக் கண்ணாடி வந்தது.

மே 18, ஞாயிறு

வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் வாசிக்கிறார். எண்ணெய் பாட்டிலில் இருப்பதைக்கூட. மத்தியானம் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் என் ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“வேணி, இது எப்ப வாங்குன?”

“மார்ச்சுல.”

“ரெண்டு மாசமா இதப் போட்டுக்கிட்டுத்தான் தெனம் குழியச் சுத்துற. அடியில சேறு கூட இல்ல. வெள்ளை வெளேர்னு இருக்கு.”

கழுவி வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊதா நாரையையும் சேர்த்து. அவர் ஷூவை இறக்கி வைக்கவே இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எனக்குச் சொன்னது போகட்டும். நான் கண்ணு தெரியாம உக்காந்திருந்தேன், ஏதோ கதை கேட்டேன்,” என்றார். “அந்தப் பொண்ணு உன் கண்ண நம்பித்தானே தண்ணியில எறங்குச்சு.”

திட்டியிருக்கலாம்.

மே 19, திங்கள்

பெரியாஸ்பத்திரி. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். காலை உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தாமரை கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நான் வாங்கிப்போன சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கண்ணீர் தானாக வந்தது.

“அட, நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க?” பொற்கிளியின் குரல் பாதியாகிவிட்டது. “எந் தலையில எழுதினது. நீங்க சுத்திப் பாத்துட்டுத்தானே கொடி ஏத்துனீங்க. அது பொறவால வந்துருக்கு. போலீசு கேட்டப்பகூட அதான் சொன்னேன், எங்க டீச்சரு மேல ஒரு பழுதும் இல்லன்னு.”

“நான் சுத்தல, பொற்கிளி.”

“என்னாது?”

“அந்தப் பக்கம் போறதில்ல. பயம். மார்ச்சுலயே தடம் பாத்தேன். அதுக்கப்புறம் எட்டாம் கல்லத் தாண்டவே இல்ல. கடைசியில மூணாம் கல்லோட திரும்பிட்டேன். பாக்காமத்தான் கொடி ஏத்துனேன்.”

“எத்தினி நாளு?”

“நாப்பத்துமூணு.”

மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவி இருமி முடித்தாள். ஒரு நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“மாசமா இருக்கறவ, எம் மவ. ரெண்டு நாளு அந்தத் தண்ணியில நின்னாளே.”

“நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“பாத்துக்கிட்டு நின்னீங்க,” என்றாள். “பயமா இருந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எட்டுப் பேரு இருந்தோம். தடியத் தூக்கிக்கிட்டு ஒண்ணா சுத்தியிருப்போம்.”

எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. நாற்பத்துமூன்று நாளில் ஒரு நாள்கூட.

எழுந்து நின்றேன். கதவருகே போனபோது கூப்பிட்டாள். டீச்சர் என்று கூப்பிடவில்லை.

“இந்தாங்க. நாளைக்கு யாரு சுத்துறது?”

மே 20, செவ்வாய்

காலை ஆறுக்கே போய்விட்டேன். கையில் மூங்கில் தடி, தோளில் பை. இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் கல் முதல் ஐந்து வரை ஒன்றுமில்லை. ஆறில் ஆட்காட்டி கத்தியது, குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, மூன்றுதான் இருக்கின்றன. ஏழில் ஒன்றுமில்லை. எட்டில் பொற்கிளியின் குடம் கிடந்தது, ஒரு பக்கம் முழுக்க உள்ளே போய்.

எட்டில் நெடுநேரம் நின்றேன். பெண்கள் ஏழு பேரும் தூரத்தில் ஷெட்டருகே வந்துவிட்டது தெரிந்தது. ஒரு கை அசைத்தால் தடியோடு வருவார்கள். ஆனால் அவர்களை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? முதலில் நான் பார்த்தாக வேண்டும்.

ஒன்பதாம் கல். நாணலை விலக்கினேன். பின்னால் மணல் மேடு, மேலே மண் கிளறி மூடியது போல ஒரு திட்டு, பக்கத்தில் அகலமாகப் படுத்துப் படுத்து வழுவழுப்பான இடம். தண்ணீரில் பத்தடி தள்ளி இரண்டு கண்களும் ஒரு மூக்கும். என்னையே பார்த்தது. புஸ் என்றது. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். சேலை நனைந்துவிட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த நோட்டில் இனிப் பொய் வேண்டாம்.

ஓடவில்லை. ஓடினால் கால் தடுக்கும் என்று தெரிந்ததால்தான், துணிச்சலால் இல்லை. அப்போது காலடியில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து. கோழிக்குஞ்சு தொண்டை அடைத்துக் கத்துவது போல, ஒன்று, இரண்டு, பிறகு நிறைய. முட்டைக்குள்ளிருந்தே தாயைக் கூப்பிடுகின்றன. இன்னும் ஓரிரு நாளில் அது வந்து தோண்டி எடுக்கும். அதற்காகத்தான் போகாமல் கிடக்கிறது. அதற்காகத்தான் கிட்டே வந்த காலைப் பிடித்தது.

அதைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்தேன். பத்தாம் கல்லில் என் செருப்பு இருந்தது, சேறு காய்ந்து கல்லாகி, அதன்மேல் புல் முளைத்து. எடுத்துக்கொண்டேன். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இறங்கி ஏறிய தடங்கள், பழையதும் புதியதும், எண்ண முடியவில்லை. பதின்மூன்று முதல் பதினாறு வரை ஒன்றுமில்லை.

முதல் கல்லுக்கு வந்தபோது ஏழு மணி. பச்சையை இறக்கிவிட்டுச் சிவப்பை ஏற்றினேன். தைத்த அன்று மடித்த மடிப்பு இன்னும் கோடு கோடாக இருந்தது.

கஸ்பார் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யந்திரத்தை நிறுத்திவிட்டார். தணிகைவேல் சார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தார்.

“என்ன மேடம் இது? இன்னும் ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். கொடிய இறக்குங்க.”

“மேட்டுல குஞ்சு இருக்கு சார். தள்ளுனா எல்லாம் பொதைஞ்சிடும். தாய் இங்க ரெண்டு மாசமா இருக்கு. ஆத்துல இருந்து நேத்து வரல.”

“உங்க ரெஜிஸ்டர்ல அப்படி இல்லியே.”

“இனிமே இருக்கும்,” என்றேன்.

பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்: மார்ச் 26 முதல் மே 16 வரை ஒன்பதாம் கல் முதல் பதினாறாம் கல் வரை பார்க்கப்படவில்லை. பார்த்ததாக எழுதியது பொய். அதன்மேல் கையெழுத்துப் போட்டு வனத்துறைக்கு நானே போன் செய்தேன். பெண்கள் ஏழு பேரும் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மே 22, வியாழன்

நேற்று வனத்துறைப் பெண் அதிகாரி வந்தார். கூண்டை இறக்கவே இல்லை. குஞ்சுகள் நேற்று முன்தினமே சாயங்காலம் வெளியே வந்துவிட்டன, இருபதுக்கு மேல் என்றார். தண்ணீரோரம் தாயின் தலைமேல் இரண்டு ஏறி உட்கார்ந்திருந்தன. குழியைச் சுற்றி வேலி போடுவார்களாம். செடிக்குத் தண்ணீர் இனி லாரியில் வரும். அந்தத் தண்ணீரில் இனி மனிதர் இறங்குவது கிடையாது.

என்மேல் விசாரணை உண்டு. அது முடியும்வரை தினச் சுற்றை நானே செய்ய வேண்டும், வேறு ஆள் இல்லை என்றார் தணிகைவேல் சார். தண்டனையாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா தெரியவில்லை. பயம் போகவில்லை. இன்று காலையும் ஒன்பதாம் கல்லில் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

சுற்றி முடித்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பொற்கிளி.

“சுத்துனீங்களா?”

“சுத்துனேன்.”

“எத்தனாவது கல்லு வரைக்கும்?”

“பதினாறு.”

“ஒம்பதுல என்னா இருந்துச்சு?”

சொன்னேன். தாய் எந்தப் பக்கம் கிடந்தது, குஞ்சுகள் எந்த நாணலுக்குள் ஒதுங்கின, பத்தில் எத்தனை புதுத் தடம், எல்லாவற்றையும் கேட்டாள். பதின்மூன்றாம் கல்லையும் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்றால் என்ன இருந்தது என்று கேட்டாள். இரண்டு எருக்கஞ்செடியும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் என்றேன்.

அந்தப் பக்கம் வார்டில் யாரோ இருமினார்கள்.

“சரி,” என்றாள். “நாளைக்கும் கேப்பேன்.”